மறு: டி.எல்.சி.ஓ. சோதனைக்குத் தமிழ்ப் பெயர் (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம். நுரையீரல் சோதனை பற்றிய நோயாளர் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். நுரையீரலிலிருந்து குருதிக்கு வாயு எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்று பார்க்கும் டி.எல்.சி.ஓ. சோதனையில், ‘டிஃப்யூஷன் கெப்பாசிட்டி’ என்ற இடத்தில் நிற்கிறேன். ‘கார்பன் மோனாக்சைடு பரவல் திறன்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தவர், “விஷவாயு உடம்பெல்லாம் பரவுமா?” என்று பயந்துவிட்டார். வேறு சொல் உண்டா?

—

அம்மா, பரவலை நோய்க்கு விட்டுவிடுங்கள். கலத்தல் என்ற பொருளில் ‘விரவல்’ இருக்கிறதே! வாயுவின் பெயரும் தமிழாகட்டும்: ‘கரிம ஓருயிர்வளி’. உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’, இலக்கணம் சரி. ‘கரி’யும் பழஞ்சொல், குறளில் சாட்சி என்ற பொருளிலும் வரும். புகைக்குள் சிக்கியவர் குருதியில் இந்த வளி சாட்சியாகத் தங்குகிறதே, என்ன பொருத்தம்!

—

ஐயா, அந்தக் கரி வேறு, அடுப்புக்கரி வேறு. யானையும் கரிதான், அதையும் சேர்த்துக்கொள்வோமா? தவிர, உயிரை எடுக்கும் வாயுவுக்கு உயிர்வளி என்றா பெயர்? ஈழத்தில் காபனோரொட்சைட்டு என்று எழுதிப் பல தலைமுறை படித்துவிட்டது.

—

மருத்துவராக ஒரு வார்த்தை. சுமார் 0.3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒரே மூச்சில் இழுத்து 10 நொடி அடக்கச் சொல்வோம். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பற்றிக்கொள்ளும். ஆளைக் கொல்வதும் அந்தப் பிடிதான், இங்கே அளக்க உதவுவதும் அதுதான். நுரையீரல் சவ்வைத் தாண்டியது குருதியில் மாட்டிக்கொள்ளும்; வெளிவிடும் மூச்சில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் போதும். டென்மார்க் மருத்துவர் மரீ க்ரோ 1915-லேயே இப்படி அளந்துகாட்டினார். இரத்தசோகை இருந்தால் அளவு குறைந்து காட்டும், அதற்குத் திருத்தம் உண்டு. வாயு கலப்பதையல்ல, கடப்பதையே அளக்கிறோம்; எனவே விரவல் பொருந்தாது. ‘வாயு கடக்கும் திறன்’ என்று வைக்கலாமே?

—

சுருக்கமாக ‘கடத்துதிறன்’?

—

அது மின்சாரக்காரர்களிடம் போய்விட்டது. ‘கடத்தல்’ என்றால் போலீஸ் வரும்.

—

சரி, நேரமில்லை. நாலு பேர் ஒப்பியதால் ‘நுரையீரலில் வாயு கடக்கும் திறன்’ என்றே போடுகிறேன். வாயுவின் பெயர் கார்பன் மோனாக்சைடுதான். மிகச் சிறிய அளவு, தீங்கு செய்யாது என்ற வரியும், சோதனைக்கு முன் புகைபிடிக்க வேண்டாம் என்ற வரியும் பக்கத்திலேயே வரும். புகைப்பவர் குருதியில் இந்த வாயு ஏற்கெனவே இருக்குமாம், கணக்கு தப்பிவிடும்.

—

போடுங்கள் அம்மா. ஆனால் கடப்பது வாயு என்றால் திறன் யாருடையது? வாயுவினுடையதா, நுரையீரலினுடையதா? தொடரே மயங்குகிறது. ‘வளி’ என்று கூட எழுத மனம் வரவில்லையே. என் மறுப்பு பதிவாகட்டும். ‘விரவல்’ பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.