முதல் கல்யாண வயது, முதல் குழந்தை வயது: வடசென்னைக் கணக்கெடுப்பில் என்ன கேட்பது, எப்படிக் கணக்கிடுவது?

தண்டையார்பேட்டை மாணவி:
காசிமேடு, வியாசர்பாடி, எர்ணாவூர் பகுதிகளில் 20 முதல் 29 வயதுப் பெண்கள் 200 பேரின் விவரம் சேர்த்திருக்கிறேன். கல்யாணம் ஆன 130 பேரின் சராசரி கல்யாண வயது 19.6 வருகிறது. படிப்பு, வேலை, இப்போதைய குடும்ப வருமானம் மூன்றையும் சீக்கிரம் கல்யாணம் ஆவதற்குக் காரணங்களாக வைத்திருக்கிறேன். வறுமைதான் முக்கியக் காரணம் என்று எழுதலாமா?

எண்ணாயிரம்:
அந்த 19.6-ஐ எழுதாதீங்க. கல்யாணம் ஆகாத 70 பேரை விட்டுட்டீங்க. தாமதமா கட்டப்போறவங்க அவங்கதான். அவங்களைக் கழிச்சா எந்த ஊரிலும் வயது குறைஞ்சுதான் தெரியும்.

25–29 வயதுக்காரங்களைத் தனியா எடுங்க. 90 பேர்னு வெச்சுக்கலாம். கல்யாண வயதை ஏறுவரிசையில் அடுக்கி, ஆகாதவங்களைக் கடைசியில் வையுங்க. 45-வது, 46-வது பெண்ணின் வயதுக்கு நடுவில் இருப்பதுதான் இடைநிலை. எல்லாரும் 25-ஐத் தொட்டவங்க என்பதால், அது 25-க்குக் கீழே வந்தால்தான் நம்பலாம். 200 பேரையும் சேர்த்துப் பார்க்கணும்னா கப்ளான்–மேயர் முறை: கல்யாணம் ஆகாதவங்களையும் அவங்க இப்போதைய வயது வரை கணக்கில் சேர்க்கிற புள்ளியியல் முறை.

20–24 குழுவுக்கு இடைநிலை வேண்டாம். 18 முடியும் முன்னே கல்யாணம் ஆனவங்க எத்தனை விழுக்காடுன்னு பாருங்க. வகுக்கும்போது கல்யாணம் ஆகாதவங்களையும் சேர்க்கணும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுக்கு அது 12.8 விழுக்காடு.

வருமானத்தில் இன்னொரு தப்பு. இப்போதைய வருமானம் புருஷன் வீட்டோடது, கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. அது எப்படிக் காரணமாகும்? அவங்க 14 வயதில் இருந்த அம்மா வீட்டைக் கேளுங்க: சொந்த வீடா வாடகையா, அப்பா வேலை, அம்மாவுக்கு எந்த வயதில் கல்யாணம், பின்னால் எத்தனை தங்கச்சிகள்.

களப்பணி அக்கா:
படிப்பு விஷயத்திலும் இதே சிக்கல்தாம்மா. பள்ளியை விட்டதால் கல்யாணமா, கல்யாணம் நிச்சயமானதால் பள்ளியை விட்டாங்களா? "எத்தனாவது வரை படிச்சே" என்ற ஒரு கேள்வியில் இது பிடிபடாது. பள்ளியை விட்டது, வேலைக்குப் போனது, நிச்சயம், கல்யாணம் நாலுக்கும் மாதமும் வருஷமும் தனித்தனியா வாங்கு. நினைவில்லைன்னா 2015 டிசம்பர் வெள்ளம், 2020 ஊரடங்கு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேளு.

கல்யாணம் எப்படி அமைஞ்சதுன்னு கட்டாயம் பிரிக்கணும். மாமன், அத்தை மகன் உறவில் மாப்பிள்ளை தயாரா இருப்பார், தேடுற காலமே கிடையாது. காதலிச்சு வீட்டை விட்டுப் போய்க் கட்டினது வேற. பெண் யாரோடயாவது போயிடுவாளோன்னு பயந்து அவசரமா முடிச்சது மூணாவது வகை. அந்தப் பயத்தை வறுமைக் கணக்கில் எழுதினா, அந்தப் பொண்ணுங்களுக்கு எந்த உதவி தேவைங்கறதே மறைஞ்சு போகும்.

வயதுகளை வரைபடமாப் போட்டுப் பாரு. 17-இல் பள்ளம், 18-இல் மேடு தெரிஞ்சா சட்டத்துக்குப் பயந்து வயதைக் கூட்டிச் சொல்லியிருக்காங்க. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியோட ஒப்பிடு. மாமியார் பக்கத்தில் இருந்தா பதில் மாறிடும். மீன் விற்கிற பெண்களை விடியற்காலையில் பிடிக்கவே முடியாது, மதியத்துக்கு மேல் போ. 18 ஆகாத பெண்ணின் கர்ப்பமோ கல்யாணமோ தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19-வது பிரிவுப்படி புகார் செய்யும் கடமை உனக்கும் வரும். உன் ஆய்வு வழிகாட்டியிடம் முதலிலேயே பேசி வை.

பேறுகாலச் செவிலி:
முதல் குழந்தைக்கு வேற காரணம் தேடி அலைய வேண்டாம். இங்கே கல்யாணத்துக்கும் முதல் பிரசவத்துக்கும் நடுவில் கருத்தடை பயன்படுத்துவது மிகவும் குறைவு. நாலு மாதம் போனாலே "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் கல்யாண வயதே பிரசவ வயதைத் தீர்மானிக்கிறது. வயதை மட்டும் பதியாமல் இடைவெளியை மாதக் கணக்கில் பதியுங்கள்.

முதல் பிரசவத்தோடு முதல் கர்ப்பத்தையும் தனியாகக் கேளுங்கள். கலைந்தது, இறந்து பிறந்தது இரண்டும் விட்டுப்போனால் இடைவெளி நீண்டு, தள்ளிப்போட்டது போல் தோன்றும். ஆடியில் பெண் அம்மா வீட்டுக்குப் போனாளா, கணவர் வெளியூரில் வேலையா என்பதும் வேண்டும்.

தமிழ்நாடு அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெற 19 வயது ஆகியிருக்க வேண்டும்; அதற்காக வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆகவே மருத்துவமனைப் பதிவேட்டு வயதையும் சரிபார்க்காமல் எடுக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை மாணவி:
நன்றி. பள்ளியை விட்ட மாதத்தை 200 பேரிடமும் நான் கேட்கவே இல்லை. திரும்பப் போகிறேன். கல்யாணம் ஆகாதவர்களிடமும் அதைக் கேட்க வேண்டுமா?

எண்ணாயிரம்:
கட்டாயம். ஒப்பிட்டுப் பார்க்க அவங்கதான் இருக்காங்க.