கதை முடிஞ்சதும் "நீதி என்ன?"ன்னு கேட்காம வேற என்ன கேட்கலாம்? (6–9 வயது, சனிக்கிழமை வகுப்பு)

வளர்பிறை:
மொரீஷியஸில் ரோஸ்ஹில் பக்கம் கோயில் வளாகத்தில் நடக்கிற சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குத் திட்டம் போடுகிறோம். 14 பிள்ளைகள். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர் மொழி), பள்ளியில் தமிழ் ஒரு பாடம். எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். காதால் கேட்டால் பாதிதான் புரியும். கதையோ பாட்டோ வாசித்துக் காட்டி, அடுத்தவர் நிலையை உணரப் பழக்க வேண்டும் என்பது நோக்கம். நேரம் 40 நிமிடம்.

சிக்கல் இரண்டு. கதை முடிந்ததும் "பேராசை கூடாது", "பொய் சொல்லக் கூடாது" என்று ஒப்பிக்கிறார்கள். பாத்திரத்துக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "சாக்ரென்" (கிரியோலில் வருத்தம்). இதைத் தாண்டி எப்படிப் போவது?

கரும்புக்காடு:
முதல் சிக்கலுக்குக் காரணம் பிள்ளைங்க இல்ல, கேள்வி கேட்கிற நேரம். கதை முடிஞ்ச பிறகு கேட்டா தீர்ப்புதான் வரும். யார் தோத்தாங்கன்னு தெரிஞ்சு போச்சே! பாத்திரம் ஒரு முடிவு எடுக்கிறதுக்கு ஒரு வரி முன்னால நிறுத்துங்க. "எப்படி இருக்கும்?"னு கேட்காதீங்க. "இவருக்கு இப்போ என்ன தெரியும்? நமக்குத் தெரிஞ்சது இவருக்குத் தெரியுமா?"ன்னு கேளுங்க.

காக்கா–நரி–வடையையே எடுத்துக்குங்க. நரி "ஒரு பாட்டுப் பாடேன்"ங்குது. நிறுத்துங்க. நரிக்கு வடை மேலதான் கண்ணுன்னு நமக்குத் தெரியும், காக்காவுக்குத் தெரியாது. அதோட காதுல விழுந்தது புகழ்ச்சி மட்டும்தான். யாராவது அதோட குரலை இதுக்கு முன்னால நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பாங்களா? இந்தக் கேள்விக்கு வந்துட்டா "முட்டாள் காக்கா"ங்கிற பேச்சு தானா அடங்கும்.

1985-ல பாரன்-கோகன், லெஸ்லி, ஃபிரித்ங்கிற மூணு உளவியலாளர்கள் செஞ்ச சாலி–ஆன் சோதனையும் இந்த வழிதான். சாலி கோலிக்குண்டைக் கூடையில வச்சுட்டு வெளியே போறா. ஆன் அதை எடுத்துப் பெட்டியில போட்டுடறா. திரும்பி வர்ற சாலி எங்கே தேடுவா? 4 வயசை ஒட்டிப் பெரும்பாலான பிள்ளைங்க "கூடையில"ன்னு சொல்லிடுவாங்க. உங்க பிள்ளைங்களுக்கு ஒரு படி ஏத்தலாம்: "நரியைப் பத்திக் காக்கா என்ன நினைக்குதுன்னு நரி நினைக்குது?" 6, 7 வயசுல இது பிடிபட ஆரம்பிக்கும். 9 வயசுக்காரங்களுக்கு இதுலதான் ருசி.

அப்புறம் அந்தப் பாட்டி. முதல்ல வடையைப் பறிகொடுத்தது அவங்கதான். ஆனா ரெண்டு வரிக்கு மேல அவங்களை யாரும் திரும்பிப் பார்க்கிறதே இல்ல. காலையில எத்தனை வடை சுட்டாங்க, இது எத்தனையாவது, இன்னைக்கு வித்த காசுல என்ன வாங்கணும்னு இருந்தாங்க? இதுக்கெல்லாம் கதையில பதில் கிடையாது. அதனாலதான் பிள்ளைங்க யோசிப்பாங்க.

ஒரே கதையை மூணு சனிக்கிழமை ஓட்டுங்க. 300–400 வார்த்தைக் கதை போதும், நிதானமா வாசிச்சா 5 நிமிஷம். முதல் வாரம் கிரியோல்ல நாலஞ்சு வாக்கியத்துல கதைச் சுருக்கம், 8 புதுத் தமிழ் வார்த்தை, அப்புறம் நிறுத்தாம ஒரு வாசிப்பு. ரெண்டாவது வாரம் மூணே இடத்துல நிறுத்தம். நாலாவது நிறுத்தம் வந்தா கதையோட இழை அறுந்துடும். மூணாவது வாரம் அதே கதையைப் பாட்டி சொல்ற மாதிரி பிள்ளைங்க சொல்லட்டும்.

கேள்வி கேட்டதும் உடனே ஒருத்தரைக் கை காட்டாதீங்க. ஆசிரியர்கள் சராசரியா ஒரு நொடிதான் காத்திருக்காங்கன்னும், அதை 3 நொடிக்கு நீட்டினா பதில்கள் நீளுதுன்னும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-கள்லயே காட்டினாங்க. ரெண்டாவது மொழியில யோசிக்கிற பிள்ளைக்கு 3 நொடி பத்தாது. மனசுக்குள்ள எட்டு எண்ணுங்க.

நடுக்கடல்:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. எடுத்த எடுப்பில் விலங்குக் கதைக்குப் போக வேண்டாம். டொராண்டோவில் 4–6 வயதுப் பிள்ளைகளிடம் பகிர்ந்து கொடுப்பது பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாக வாசித்துக் காட்டினார்கள்: ஒன்றில் மனிதர்கள், மற்றதில் உடை அணிந்த விலங்குகள். 2017-இல் வெளியான முடிவு இது: மனிதர் கதை கேட்டவர்கள் தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள், விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. ஒரே ஓர் ஆய்வுதான், வேதவாக்கில்லை. ஆனாலும் மூன்று கதையில் குறைந்தது இரண்டு மனிதர் கதையாக இருக்கட்டும். பெருநாள் சந்தையில் அம்மாவின் கையை விட்டுவிட்ட பிள்ளை, பஸ்ஸில் சில்லறை குறைந்துபோன தாத்தா என்று இங்கே நடக்கக் கூடியவையாகவே எழுதிக்கொள்ளலாம்.

இன்னொரு பொறி: "நீயா இருந்தா என்ன செய்வே?" எல்லாரும் கேட்பது, அதனால்தான் சொல்கிறேன். அது பிள்ளையைப் பாத்திரத்திடமிருந்து பிரித்துத் தன்னிடமே கூட்டிவந்துவிடும். உளவியலாளர் பேட்சனின் குழு 1997-இல் பெரியவர்களிடம் இதைப் பிரித்துப் பார்த்தது. "அவருக்கு எப்படி இருக்கும்" என்று நினைத்தவர்களுக்கு இரக்கம் வந்தது. "எனக்கே நேர்ந்தால்" என்று நினைத்தவர்களுக்கு இரக்கத்தோடு சொந்தக் கலக்கமும் சேர்ந்து வந்தது. பிள்ளைகளிடம் இதைவிட மோசம்: "நான் கொடுத்திருப்பேன் மிஸ்!" என்று பதினான்கு கை உயரும்.

"சாக்ரென்" விஷயம் சொல்வளம் சம்பந்தப்பட்டது. ஒரு கதைக்கு இரண்டே இரண்டு உணர்வுச் சொல் கொடுங்கள், அகராதிப் பொருளாக இல்லாமல் சூழ்நிலையாக. தேர்ந்தெடுக்கச் சில சொற்கள் இதோ. ஏமாற்றம்: வரும் என்று இருந்தது வரவில்லை. ஏக்கம்: இல்லாததையே நினைத்துக்கொண்டிருப்பது. தவிப்பு: என்ன செய்வதென்று தெரியாமல் நிலைகொள்ளாமல் இருப்பது. அட்டையில் எழுதித் தரையில் தள்ளித் தள்ளி வையுங்கள். நிறுத்தும் இடத்தில் பிள்ளை எழுந்து போய் ஓர் அட்டையின் மேல் நிற்க வேண்டும், ஏன் என்று கிரியோலில் சொன்னால் போதும். இரண்டு அட்டைக்கு நடுவில் நிற்பவனை நகரச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையின் பதில்தான் இருப்பதிலேயே நல்ல பதில்.

தொங்கும்தண்ணி:
பாட்டைப் பத்தி யாருமே பேசலையே. பாட்டுக்குக் கேள்வி ஆகாது, குரல்தான். "நான்" என்று பேசுகிற பாட்டாக, 8 வரிக்குள் இருக்கட்டும். பேசுவது யார் என்று தலைப்பில் சொல்லிவிடாதீர்கள்.

இங்கே அதற்கு ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறது. "சிராந்தான்?" "சாம்பெக்!" என்று தொடங்கும் கிரியோல் விடுகதை. நிற்கிற தண்ணி எது? கரும்பு. தொங்குகிற தண்ணி? தேங்காய். அதே அழைப்போடு தொடங்கி இப்படி ஒன்றை வாசியுங்கள் (வகுப்புக்கென்று கட்டியது, எடுத்துக்கொள்ளலாம்):

மழை வருது, கடை மூடுது,
படிக்கட் டோரம் நானிருக்கேன்.
ஒருகுடை போகுது, ரெண்டுகுடை போகுது,
ஓடுற காலைப் பார்த்திருக்கேன்.
கூப்பிட எனக்கொரு பேரும் இல்லை,
குரலைக் கேட்டா விரட்டுறாங்க.
வெயில் வரட்டும், கடை திறக்கட்டும்,
வாலை ஆட்டி நின்னிருப்பேன்.

ஏழாவது வரியோடு நிறுத்தி யார் என்று கேளுங்கள். "வீடில்லாத ஆள்", "தொலைஞ்ச பிள்ளை" என்று வரும். எதையும் தப்பு என்று சொல்லாதீர்கள். எட்டாவது வரியில் தெரு நாய் என்று தெரிந்த பிறகு முதலிலிருந்து மறுபடி வாசித்தால், கேட்கிற காது மாறியிருக்கும். அடுத்த சுற்றில் நீங்கள் ஒரு வரி, பிள்ளைகள் அதே வரி. கடைசிச் சுற்றில் பாதிப் பேர் குடைக்காரர்கள், நடந்து போகட்டும். மீதிப் பேர் உட்கார்ந்து "நான்" வரிகளைச் சொல்லட்டும். பிறகு இடம் மாற வேண்டும். இதை நேரமில்லை என்று விடாதீர்கள். விட்டால் குடைக்காரப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மட்டுமே மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை: கிரியோலில் "பேர்" என்றால் பயம். ஐந்தாவது வரி அவர்கள் காதில் "பயம் இல்லை" என்று விழும், பாட்டே தலைகீழாகும். "பெயரும் இல்லை" என்று அழுத்தி வாசியுங்கள், அல்லது அந்தச் சொல்லை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வளர்பிறை:
"பேர்" தோணவே இல்லை, நன்றி! இன்னும் இரண்டு கேள்வி. தமிழ் வகுப்பில் கிரியோலில் பதில் சொல்ல விட்டால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். அடுத்தது, மற்றவர்களைச் சீண்டுகிற பிள்ளை ஒருவன் இருக்கிறான். அவனுக்குப் பொருந்துகிற மாதிரி கதை தேர்ந்தெடுக்கலாமா?

கரும்புக்காடு:
கிரியோல்ல வர்ற பதிலை நீங்க அதே மூச்சுல தமிழ்ல திருப்பிச் சொல்லணும், ஒரு சொல் கூட்டி. பிள்ளை "லி பேர்"ன்னா, நீங்க "ஆமா, அவனுக்குப் பயம், இருட்டைப் பார்த்துப் பயம்". பிள்ளை அந்தத் தமிழ் வரியை ஒரு தடவை சொல்லட்டும். 40 நிமிஷத்துல ஆளுக்கு ரெண்டு வாக்கியம் சொந்தமா தமிழ்ல வந்துடும். அதைப் பெற்றோருக்குக் காட்டுங்க. உணர்வைத் தெரியாத மொழியில சொல்லச் சொன்னா, தெரிஞ்ச ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாங்க.

நடுக்கடல்:
சீண்டும் பிள்ளைக்குக் குறிவைத்துக் கதை எடுக்க வேண்டாம். மற்ற பதின்மூன்று பேரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள், கதை அங்கேயே செத்துவிடும். "அன்னைக்கு நீ செஞ்ச மாதிரி" என்ற வார்த்தை வகுப்பில் வரவே கூடாது. மூன்றாம் வாரத்தில் நரி சொல்கிற கதையை அவனிடம் கொடுங்கள். நரிக்குப் பசியா, வேடிக்கையா, எரிச்சலா என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். அவன் சொல்கிற காரணத்தைத் திருத்தாமல் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த கதையை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

பிரிவு, சாவு வருகிற கதைகளை மட்டும் முந்தின வாரமே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். அண்மையில் வீட்டில் இழப்பு நடந்த பிள்ளை இருந்தால் அந்தக் கதையைத் தள்ளிப் போடலாம்.