[கலைச்சொல்] ரிம்மை மாற்றாமல் அகலமான டயர்: அளவேற்றமா, அகலேற்றமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கார் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்பெனி கொடுத்த ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு, 185 டயர் இருந்த இடத்தில் 195, 205 என்று அகலமானதைப் போடுவதை டயர் கடைகளில் 'அப்சைஸ்' என்கிறார்கள். 'அளவேற்றம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'அகலப்பட்டையிடல்' என்றும் தோன்றியது. பிராட்பேண்டுக்கு ஏற்கெனவே அகலப்பட்டை என்று பெயர் வைத்துவிட்டதால் விட்டுவிட்டேன். அளவேற்றம் நிற்குமா? ரிம்முக்கும் ஒரு சொல் வேண்டும்.

----

> அளவேற்றம் நிற்குமா?

நிற்காது என்றே படுகிறது, ஐயா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் தப்பான டயரோடு திரும்புவார்.

185/65 ஆர்15 போட்ட காரையே எடுத்துக்கொள்வோம். 185 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். டயரின் பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது 120.25 மி.மீ. ரிம்மின் விட்டம் 15 அங்குலம், 381 மி.மீ. மேலும் கீழும் பக்க உயரத்தைச் சேர்த்தால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. இப்போது 'அளவேற்றம் செய்க' என்று படித்தவர் என்ன செய்வார்? 65-ஐத் தொடாமல் 195/65 கேட்பார். அகலம் 10 மி.மீ. ஏறும், கூடவே விட்டமும் 13 மி.மீ. ஏறி 634.5 ஆகும். ஸ்பீடோமீட்டர் முள் பழைய இடத்திலேயே நிற்கும், வண்டி மட்டும் 2 விழுக்காடு கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கத்தில் எங்காவது உரசவும் கூடும். அதுவே 205/60 என்றால் விட்டம் 627. பழையதற்கும் இதற்கும் ஐந்தரை மி.மீ.தான் வித்தியாசம். 195/60 என்றால் 615, ஆறரை மி.மீ. குறைவு. அகலம் ஏறும்போது அடுத்த எண்ணை இறக்க வேண்டும், விட்டம் கிட்டத்தட்ட இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அளவேற்றம் என்ற சொல் எல்லாவற்றையும் ஏற்றச் சொல்கிறது.

இறக்குவதிலும் அளவுண்டு. ஆசைப்பட்டு 195/55 ஆர்15 வரை போனால் விட்டம் 595.5 ஆகிவிடும். பளு எண்ணும் கூடவே விழும். 185/65-இல் வழக்கமாக 88 என்றிருக்கும், ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 195/55-இல் அது 85, தாங்குவது 515 கிலோ. அகலமான டயர் பார்க்க முரட்டுத்தனமாக இருப்பதால் அதிகம் தாங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கையேட்டில் இதற்கு ஒரு பத்தி கண்டிப்பாக வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பெரிய ரிம்முக்கு மாறுவதையும் கடையில் 'அப்சைஸ்' என்றே சொல்கிறார்கள். ஸ்விஃப்ட்டில் கீழ்வகைகளுக்கு 165/80 ஆர்14, மேல்வகைகளுக்கு 185/65 ஆர்15 என்று கம்பெனியே கொடுக்கிறது. முன்னதன் விட்டம் 619.6, பின்னது 621.5. ரிம் ஓர் அங்குலம் ஏறியும் மொத்த விட்டத்தில் 2 மி.மீ.கூட மாறவில்லை. இது வேறு வேலை, இதற்குத் தனிச்சொல் வேண்டும்.

என் பரிந்துரை: ரிம் அதே, டயர் மட்டும் அகலம் என்றால் அகலேற்றம். ரிம்மே பெரிதானால் வட்டையேற்றம். 'ஒரு சைஸ் ஏத்திப் போட்டுடலாம் சார்' என்பது கடைக்காரர் வாயில் தானாக வரும் பேச்சு, ஆகவே ஏற்றம் யாருக்கும் புதிதாக இருக்காது.

ரிம்முக்கு வட்டை என்றதும் யாராவது கேட்பீர்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி மரத்தில் வட்டை, அதன் மேல் பழுக்கக் காய்ச்சி ஏற்றித் தண்ணீர் ஊற்றி இறுக்கிய இரும்புப் பட்டா. ரிம்மும் டயரும் என்ற பிரிவு அங்கேயே இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியைச் சொல்லும் இடத்தில் சூட்டு, ஆரம் (ஆரக்கால்), உருளி (சக்கரம்) மூன்றும் வருகின்றன. அந்தச் சூட்டு நம் வட்டைதான். சூட்டை இன்று மீட்டால் சூடு என்று படித்துத் தொலைப்பார்கள். டயரை டயராகவே விட்டுவிடலாம். உருளிப்பட்டை என்று பஞ்சர் கடையில் கேட்டால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

----

அகலேற்றத்தைப் பரிந்துரைத்த கோவை நண்பருக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

நாங்கள் சக்கரத்தைச் சில்லு என்கிறோம், டயரை ரயர் என்று எழுதுகிறோம். வட்டையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அகலம், ஏற்றம் இரண்டும் சேர்ந்தால் அகலவேற்றம் என்றல்லவா வரவேண்டும்? அகல் என்று பிரித்தால் கார்த்திகை விளக்கு நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். அவர் சொல்லுமுன் நானே பதிலும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பள்ளிப் புவியியலில் அகலாங்கு, நெட்டாங்கு என்றுதான் படித்தோம், ஒருவரும் விளக்கை நினைக்கவில்லை. அகலிடமும் இருக்கிறது. ஆகவே அகலேற்றம் சரி.

எனக்கு உள்ள ஐயம் வேறு. 205 என்று ரயரில் போட்டிருந்தால் அது எந்த றிம்மில் மாட்டினாலும் 205 இருக்குமா?

----

இருக்காது. நல்ல இடத்தில் கை வைத்தீர்கள்.

205/60 ஆர்15-ஐ அளந்து பார்ப்பது 6 அங்குல அகல வட்டையில். வட்டை அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலமும் ஏறத்தாழ 5 மி.மீ. குறையும். காரைத் தூக்கி டயரைக் கழற்றி, ரிம்மின் பின்பக்கம் சேற்றைத் துடைத்துப் பார்த்தால் 5½ ஜே × 15 (அகலம் 5½ அங்குலம், விட்டம் 15) என்பதுபோலப் பொறித்திருக்கும். 205/60-க்கு அனுமதித்த வட்டை அகலம் 5½ முதல் 7½ அங்குலம் வரை. நம் 5½ அதன் கீழ்க்கோடியில் இருக்கிறது. மாட்டலாம், 205 கொடுத்து வாங்கியது 200 ஆகத்தான் நிற்கும். மீதி, வேட்டியை இறுக்கிக் கட்டியவர் தொப்பைபோல இரண்டு பக்கமும் பிதுங்கும். வளைவில் அந்தப் பிதுக்கம் நெளிவதால் ஸ்டீயரிங் கொஞ்சம் தாமதித்தே பதில் சொல்லும், நடு ரப்பரும் சீக்கிரம் தேயும். மழையில் தேங்கிய தண்ணீர் மேல் வேகமாகப் போனால் அகலமான டயர் குறுகியதைவிட முன்னதாகவே மிதக்கத் தொடங்கும். இதையெல்லாம் பார்த்தால் 5½ வட்டைக்கு 195/60-ஓடு நிறுத்திக்கொள்வதே உத்தமம் என்பேன்.

ஆகவே மூன்றாவது சொல்லும் தேவைப்படுகிறது: டயரை அளக்கப் பயன்படுத்தும் வட்டைக்கு அளவீட்டு வட்டை. 60, 65 என்ற அந்த எண்ணுக்கு 'உயர வீதம்' போதும் என்று நினைக்கிறேன். தோற்ற விகிதம் என்று ஓரிடத்தில் பார்த்தேன். அது டிவி திரைக்குப் பொருந்தலாம், டயருக்கு ஒட்டவில்லை.

ஸ்டெப்னியைத் தமிழாக்க யாரும் கிளம்பிவிடாதீர்கள். வேல்ஸில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் செய்த உதிரிச் சக்கரத்துக்கு அந்தத் தெருவால் வந்த பெயர் அது. இங்கிலாந்துக்காரர்களே மறந்தும் நாம் விடவில்லை. ஆனால் நான்கையும் அகலேற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே வைத்திருப்பவர்கள் அதை அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் ஓட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

----

இருவருக்கும் நன்றி. அகலேற்றம், வட்டையேற்றம், அளவீட்டு வட்டை, உயர வீதம் நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். சோதனைக்கு ஒரு வாக்கியம்: 'அகலேற்றம் செய்யுமுன் வட்டையின் பின்புறம் பொறித்த அகலத்தைப் பாருங்கள், உயர வீதத்தை இறக்கி விட்டத்தைக் காத்துக்கொள்ளுங்கள், பளு எண் பழையதைவிடக் குறையக் கூடாது.' மெக்கானிக் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். வட்டை என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி 'ரிம்மா சார்?' என்றார். முதல் முறை வரும் இடத்தில் 'ரிம் என்னும் வட்டை' என்று எழுதிவிடுகிறேன். அடுத்து ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்), அதைத் தனி இழையில் கேட்கிறேன்.