ஜிஐ போல்ட் போதுமாம்! மண்டபத்துக்கு வந்து சொல்லட்டும்

மண்டபம்_மேற்கு:
சோலார் ஸ்டாண்டுக்கு மாடியோ தரையோ, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும் ஜிஐ போல்ட்டும் 25 வருஷம் தாங்கும் என்று நேற்று ஒரு மேதை எழுதியிருந்தார். எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். ஸ்டாண்ட் போட்டு இரண்டு வருஷம். போன வாரம் ஒரு பேனலைக் கழற்ற ஸ்பேனரைப் போட்டால் நட்டு அசையவில்லை, போல்ட் தலை மட்டும் முறிந்து கையோடு வந்தது. மாடியில் பதித்த தட்டோடு முழுக்கத் துருக்கறை. 316 எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீலில் ஒரு ரகம்) போல்ட் போட வக்கில்லாதவர்கள் கடற்கரையில் சோலார் போடக்கூடாது.

கமுதி_வெயில்:
அந்த மேதை நான்தான். கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016 முதல் நிற்கிறதே, அதைப் பார்த்ததே இல்லையா?

மண்டபம்_மேற்கு:
கமுதியில் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது அண்ணே? கருவேலங்காட்டில் நிற்பதைக் காட்டி உப்புக்காற்றுக்கு வைத்தியம் சொல்லாதீர்கள்.

கீழக்கரை_மாடி:
போல்ட்டை விடுங்கள். எங்கள் மாடியில் துளையே போடவில்லை. சிமென்ட் கட்டை வைத்து அதன்மேல் ஸ்டாண்ட். சொட்டுக்கூட ஒழுகல் இல்லை.

கமுதி_வெயில்:
1964 புயலில் தனுஷ்கோடியில் ரயிலையே கடல் கொண்டுபோனது. உங்கள் கட்டை எம்மாத்திரம்?

கீழக்கரை_மாடி:
பத்து டிகிரிதான் சாய்த்திருக்கிறேன். நம் ஊர் அட்சரேகைக்கு அது போதும், காற்றும் அவ்வளவாகத் தூக்காது. துணி காயப்போட இடம் வேண்டும் என்று ஏழடிக்குத் தூக்கி நிறுத்துகிறார்களே, அதுதான் வத்தைப் படகுக்குப் பாய் கட்டிய மாதிரி.

மண்டபம்_மேற்கு:
கட்டையிலும் போல்ட்தானே முடுக்கினீர்கள்? 316-ஆ இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

தொண்டி_வெல்டர்:
குற்றம் போல்ட்டில் இல்லை. மாடியில் வைத்துப் பைப்பை அறுத்து, துளை போட்டு, வெல்டு வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் போய்விடும். மேலே வெள்ளி பெயிண்ட் அடித்து மறைப்பார்கள். துரு அங்கேதான் பிடிக்கும். பட்டறையிலேயே அறுத்து முடித்து, அப்புறம் ஹாட் டிப்பில், அதாவது உருகிய துத்தநாகத்தில், முக்க வேண்டும்.

மண்டபம்_மேற்கு:
வெள்ளி பெயிண்ட் சமாச்சாரம் நன்றாகத் தெரிகிறதே. எங்கள் மாடிக்கு வந்தது நீங்கள்தானோ?

தொண்டி_வெல்டர்:
வேலை முடிந்து ஆறு மாசம் கூலியை இழுத்தடிப்பவர்கள் மாடிக்கு நான் ஏறுவதில்லை. பொதுவாகச் சொன்னேன்.

மண்டபம்_மேற்கு:
பொதுவாகவா? யாருக்கு யார் பாக்கி என்று மண்டபத்தில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

கமுதி_வெயில்:
ஜிஐ பைப்பில் எஸ்எஸ் போல்ட் போட்டால் உப்பு ஈரத்தில் துத்தநாகம் கரையும். பள்ளிக்கூடப் பாடம்.

மண்டபம்_மேற்கு:
பாதிப் பாடம்தான் படித்திருக்கிறீர்கள். போல்ட் சின்னது, பைப் பெரியது, கரைவது கொஞ்சம்தான். எஸ்எஸ்ஸிலேயே 304 ரகத்தில் இல்லாத மாலிப்டினம் என்ற உலோகம் 316-இல் இருக்கிறது, உப்புக்குத் தாக்குப்பிடிப்பது அதனால்தான். புதுப் பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பி போட்டிருக்கிறார்கள், ஆசைக்கா?

கமுதி_வெயில்:
மூன்று கிலோவாட்டுக்குப் பாம்பன் பாலமா! முறிந்த போல்ட்டைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.

மண்டபம்_மேற்கு:
காலையில் போடுகிறேன். இங்கே கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை.

கமுதி_வெயில்:
சோலார் வைத்தவர் வீட்டிலேயே கரண்ட் இல்லையாம்!

மண்டபம்_மேற்கு:
ஆன்கிரிட் அண்ணே, ஈபி லைனோடு சேர்ந்து ஓடுவது. லைன் போனால் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். தவிர, இது ராத்திரி. இதுகூடத் தெரியாமல்தான் போல்ட்டுக்குத் தீர்ப்பு சொல்கிறீர்களா? 316தான்.

கீழக்கரை_மாடி:
அது சரி, அந்த 316 ஒன்று என்ன விலை?