இளநிலை மாணவர்களோடு ஆய்வு: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

இயற்பியல் ஆசிரியர்

இளநிலை மாணவர்களுக்கு ஆய்வு சொல்லிக்கொடுத்தவர்களும், இளநிலையிலேயே ஆய்வில் இறங்கியவர்களும் இங்கே எழுதலாம். முதலில் என் கதை.

செய்முறை வகுப்பில் தனி ஊசலைக் கொடுத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணச் சொன்னால் வகுப்பு முழுக்க 9.8 வந்துவிடும். வராதவர்களுக்கும் வந்துவிடும், எப்படி என்பது ஊரறிந்த ரகசியம். விடை தெரிந்த கேள்விக்கு அளவெடுத்தால் வேறென்ன நடக்கும்? அதனால் கேள்வியை மாற்றினேன். ஊசலை 10 டிகிரியிலிருந்து விட்டாலும் 20 டிகிரியிலிருந்து விட்டாலும் அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம், ஒன்றுதானா? (யோசனை என்னுடையதில்லை. நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன், டக் பான் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் படித்தது.)

பாடப்புத்தகம் ஒன்றுதான் என்கிறது. முதல் சுற்றில் மாணவர்களுக்கும் அப்படித்தான் வந்தது. "சரி, உங்கள் அளவில் எவ்வளவு பிசகு இருக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். எங்கள் ஊசலில் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 2 நொடி. ஸ்டாப்வாட்ச் அழுத்தும் விரலிலேயே 0.1 நொடி போய்விடும். இரண்டு கோணங்களுக்கும் இடையே இருக்க வேண்டிய வேறுபாடோ 0.6 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு, அதாவது 0.01 நொடி சொச்சம். ஒரு குழு தானாகவே 50 அலைவுகளைச் சேர்த்து அளக்கலாம் என்று கண்டுபிடித்தது. கணக்குப்படி வேறுபாடு இப்போது அரை நொடிக்கு மேல், பிடித்துவிடலாம். உடனே அதே குழுவில் ஒரு பெண் கேட்டாள்: "சார், 50 ஆட்டம் முடியறதுக்குள்ள கோணம் குறைஞ்சிடுதே. அப்ப நாம எந்தக் கோணத்தை அளந்தோம்?"

அங்கே தொடங்கியதுதான் ஆய்வு என்பேன். அலைவுகளைக் குறைத்துப் பலமுறை எடுப்பதா, கோணம் குறையும் வேகத்தையும் தனியாக அளப்பதா என்று அவர்களுக்குள் ஒரே சண்டை. வகுப்பு நேரம் முடிந்தும் யாரும் எழவில்லை என்று எழுத ஆசைதான். பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர் இருந்தார்கள்.

பிஎச்டி மாணவி, மூலக்கூறு உயிரியல்

சார், ஆய்வகத்தில் கதை வேறு. வழிகாட்டி என்ற இடத்தில் பேராசிரியர் பெயர் இருக்கும். பக்கத்தில் நின்று பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது எங்களைப் போன்றவர்கள். எங்களுக்கு அதற்கென்று யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

என்னிடம் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் வந்தான். பிசிஆர் என்பது டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் முறை. அதைச் செய்யும்போது ஒரு குழாயில் மட்டும் டிஎன்ஏ சேர்க்காமல் வெறும் தண்ணீர் விடுவோம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதுதான் நெகட்டிவ் கன்ட்ரோல். பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் பட்டையாகத் தெரியும்; அந்தக் குழாய்க்கான இடம் காலியாக இருக்க வேண்டும். அவனுக்கு அங்கேயும் பட்டை வந்தது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்து, படத்தை நோட்டில் ஒட்டாமல் சத்தமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தான். ஜெல் படம் எடுக்கும் கருவியில் பழைய படங்களைத் தேடப் போனபோதுதான் நான் பார்த்தேன்.

லேப் நோட்டில் எதையும் மறைக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்றெல்லாம் முதல் நாளே சொல்லியிருந்தேன். விதி தெரியாமல் அவன் மறைக்கவில்லை, பயந்து மறைத்தான். உட்காரவைத்து, "இந்தப் படத்தை வைத்து அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். கலவையில் சேரும் தண்ணீர், பிரைமர், நொதி, பஃபர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புதிதாக மாற்றிப் பார்ப்பது, ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று என்று முடிவானது. கடைசியில் ஆய்வகத்தில் எல்லோரும் பொதுவாக எடுத்துக்கொண்டிருந்த தண்ணீரில்தான் டிஎன்ஏ கலந்திருந்தது. அவன் மறைத்துவைத்திருந்த அந்தப் படங்கள்தான் அந்த மாதம் எங்கள் ஆய்வகத்துக்கே அதிகம் உதவின.

அதன்பின் வாரச் சந்திப்பை நான் வேறு மாதிரி ஆரம்பிக்கிறேன். அந்த வாரம் சரியாக வராத என் ஜெல் படங்களை முதலில் மேசையில் வைப்பேன். பிறகு அவர்களுடையவை தானாக வெளியே வரும்.

பொருளியல் படித்தவர்

எனக்கு வழிகாட்டி என்று தனியாக யாரும் இல்லை. ஓர் அசைன்மென்ட்தான் இருந்தது: வெளியான பேப்பர் ஒன்றை எடுத்து, அதே தரவை வைத்து, அதில் உள்ள ஓர் அட்டவணையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும்.

இதன் பெருமைக்குத் தாமஸ் ஹெர்ன்டன் கதையைச் சொன்னாலே போதும். பொருளியலாளர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் எழுதிய பேப்பர், அரசின் கடன் ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதத்துக்குப் போய்விடுகிறது என்றது. உலகெங்கும் அரசுச் செலவைக் குறைக்கும் சிக்கன நடவடிக்கைக்கு ஆதரவாக அதைக் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெர்ன்டன் வகுப்பு வேலையாக அதைத் திரும்பச் செய்து பார்க்க, எண்கள் ஒத்துவரவில்லை. எழுதிக் கேட்டு வாங்கிய எக்செல் கோப்பில், சராசரி எடுத்த வரிசைகளில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காதது, நாடுகளுக்கு எடை கொடுத்த முறை ஆகியவற்றையும் சேர்த்துச் சரிசெய்தபோது அந்த எண் 2.2 என்று 2013-இல் வெளியானது. அவர் பிஎச்டி மாணவர்தான், இளநிலை இல்லை. ஆனால் அந்த வேலைக்கு இளநிலை மாணவரிடம் இல்லாத கருவி எதுவும் தேவைப்படவில்லை.

என் அட்டவணையில் அப்படி வெடிகுண்டு எதுவும் இல்லை. "விடுபட்ட மதிப்புகளை நீக்கிவிட்டோம்" என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் எத்தனை முடிவுகள் ஒளிந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன். பேப்பரை எழுதியவருக்கு மெயில் போட்டேன்; கணக்குப் போட்ட கணினி நிரலை அனுப்பினார். அதைத் திறந்தபின்தான் எண்ணிக்கை ஒத்தது.

நூலகர்

சுருக்கமாக ஒன்று. ஒரு மாணவர் மேற்கோள் பட்டியலோடு வந்து, ஒரு பேப்பர் கிடைக்கவே இல்லை என்றார். ஜர்னல் உண்டு, அந்தத் தொகுதி உண்டு, அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை. ஏஐ எழுதிக்கொடுத்த பட்டியல். இப்போது நான் எடுக்கும் வகுப்பில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஒரு வரி கேட்கிறேன்: இவர்கள் கண்டது என்ன, எந்தப் படத்தில், எந்த அட்டவணையில்? படிக்காமல் அந்த வரியை எழுதுவது கஷ்டம்.

உயிரியல் ஆசிரியை

பிஎச்டி தங்கை சொன்ன ஆய்வக அனுபவம் அருமை. ஆனால் அந்தக் கதவைத் தட்டுபவர் யார்? நல்ல மதிப்பெண்ணும், பேராசிரியரிடம் போய்ப் பேசும் துணிச்சலும், சம்பளமில்லாமல் மாலையில் தங்க வசதியும் உள்ளவர்கள். மற்றவர்களுக்கு ஆய்வு வேண்டுமென்றால் அது பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்தாக வேண்டும்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல்லின் முறையைப் பின்பற்றி, அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 2008-இல் தொடங்கிய பேஜ் திட்டம் தெரிந்திருக்கும். முதலாண்டு மாணவர்கள் மண் எடுத்துவந்து, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை (அவைதான் பேஜ்) பிரித்தெடுத்து, தாங்களே பெயர் வைத்து, மரபணுத் தொகுதியையும் ஆராய்வார்கள். அதன் முதல் பாதியை மட்டும் என் வகுப்புக்கு ஏற்ற மாதிரி எடுத்துக்கொண்டேன். பாக்டீரியா படர்ந்த தட்டில் வைரஸ் இருக்கும் இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும். தேர்வில் எப்போதும் கடைசியில் இருக்கும் ஒருத்திக்கு வட்டமே வரவில்லை. நான் கேட்காமலே, யாருடைய மண்ணில் வந்தது, யாருக்கு வரவில்லை என்று வகுப்பு முழுக்கக் கணக்கெடுத்து, ஈரமான இடங்களின் மண்ணில் அதிகம் வருவதாக ஒரு படம் வரைந்து வந்தாள். மாதிரி எண்ணிக்கை போதாது என்றேன். "அப்போ எல்லாரும் இன்னொரு தடவை எடுக்கலாமா மேடம்?" என்றாள்.

கணினி அறிவியல் ஆசிரியர்

இதில் எல்லாம் மண்ணைப் போடுவது "படிப்பு முடிப்பதற்குள் ஒரு பேப்பர் வெளியிட்டே ஆக வேண்டும்" என்கிற நெருக்கடி. என் மாணவர்கள் சிலர், காசு கட்டினால் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொள்ளும் ஜர்னலுக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றேன். கோபம்தான். கணினி நிரலையும் தரவையும் யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கும்படி பொதுவில் வைக்கச் சொன்னேன். வேலைக்கான நேர்காணலில் அதைத்தான் திறந்து பார்த்தார்களாம்.

மேடத்திடம் ஒரு கேள்வி: வட்டமே வராதவருக்கு எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள்?

உயிரியல் ஆசிரியை

வைரஸ் கிடைத்ததற்கு மதிப்பெண் கிடையாது. நோட்டுக்குப் பாதி. மீதி, கடைசியில் நோட்டைத் திறந்துவைத்து நான் கேட்கும் கேள்விகளுக்கு: இதை ஏன் மாற்றினாய், மாற்றியது உதவியதா, உனக்கு எப்படித் தெரியும்? கிடைக்காதவர்கள் வேறொருவருடைய வைரஸைத் தத்தெடுத்து மேற்கொண்டு வேலை செய்யலாம். பெரிய வகுப்பில் இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். அதற்காக எழுத்துத் தேர்வு ஒன்றை நீக்கச் சொல்லித் துறையில் கேட்டு வாங்கினேன்.