வால்பாறை, டாப்ஸ்லிப், பரம்பிக்குளம் பக்கம் வழிகாட்டியோடு காடு பார்க்கப் போனவர்கள், மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

மலைக்காற்று:

மார்ச் மாதம், வால்பாறையில் இருவாச்சிக் கூடு பார்க்கப் போனபோது நடந்தது. பறவை பார்க்கும் பழக்கமுள்ள சிலர் சேர்ந்து உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டோம். தோட்டத்து ஓரத்தில் பழைய மரம், உயரத்தில் பொந்து. பெட்டை வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும், ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும். இதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வழிகாட்டி எங்களை நல்ல தூரத்தில், தேயிலைச் செடிகளுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார். ஆண் வந்தது. ஆனால் பொந்துக்குப் போகவில்லை. பக்கத்து மரத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்து எங்களையே பார்த்தது. எங்களில் ஒருவர் பெரிய லென்ஸோடு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டிருந்தார். வழிகாட்டி கையைக் காட்டித் தடுத்தார், கேட்கவில்லை. "காசு கொடுத்துத்தானே வந்திருக்கோம்" என்றார்.

பறவையின் அலகு நுனியில் ஓர் அத்திப்பழம். தொண்டைக்குள் இன்னும் வைத்திருந்திருக்கும், ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத்தான் ஊட்டும். அந்தப் பழத்தைக் கவ்வியபடியே கிளை மாறி உட்கார்ந்தது, மறுபடி மாறியது, பொந்துப் பக்கம் மட்டும் வரவே இல்லை. உள்ளே இருப்பது பறந்துபோய் வேறெங்கும் சாப்பிட முடியாத ஜீவன். வழிகாட்டி ஒரு வார்த்தை பேசாமல் போய், அந்த மனிதரின் முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்துவிட்டார். வேறு வழியில்லாமல் எல்லோரும் பின்னால் போனோம். வழி முழுக்க சண்டை. தன் பங்குக் காசைத் தரமாட்டேன் என்று அந்த ஆள் இறங்கிப் போனார். மற்றவர்கள் சேர்த்துக் கொடுத்ததை வழிகாட்டி வாங்கிக்கொள்ளவில்லை.

நாங்கள் கிளம்பிய பிறகாவது அந்தப் பழம் உள்ளே போயிருக்குமா என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ரொட்டிக்கடைப் பெண்:

நான் சுற்றுலா போனவள் இல்லை, சுற்றுலா வந்து நின்ற இடத்தில் நின்றவள். பிறந்து வளர்ந்தது வால்பாறைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில்.

இருட்டுகிற நேரம், சாலையோரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யானை பக்கத்தில் நின்றால் போனிலிருந்து அழைத்தே அந்த விளக்கை எரியவைப்பார்கள், குறுஞ்செய்தியும் வரும். முன்பெல்லாம் யானை நிற்பதே தெரியாமல் இருட்டில் நடந்து போய் எதிரில் மாட்டி இறந்தவர்கள்தான் அதிகம். அதனால் விளக்கு எரிந்தால் எங்கள் ஊரில் யாரும் அசையமாட்டார்கள். கீழே தேயிலைக்குள் கூட்டம் நின்றது. நாங்கள் ஒதுங்கி நின்றால் அது தன் பாட்டுக்குச் சோலைக்குள் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப். விடுதியிலிருந்து 'நைட் சஃபாரி' கூட்டி வந்திருக்கிறார்கள். முன்னால் ஒருவன் எழுந்து நின்று பெரிய டார்ச்சை நேராகக் கூட்டத்தின் மேல் அடித்தான். பெரிய பெட்டை யானை குட்டியைத் தன் வயிற்றுக்கு அடியில் தள்ளிவிட்டு, காதை விரித்துக்கொண்டு சாலையைப் பார்த்துத் திரும்பியது. அந்தத் திரும்பலை என்னால் மறக்க முடியவில்லை. ஜீப்பில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். ஓட்டுநர் பின்னால் எடுத்து, வளைத்து, போயே போய்விட்டான். யானை பார்த்துக்கொண்டிருந்த திசையில் மிச்சம் நின்றது நாங்கள்தான். பெண்களும், பள்ளிப் பையோடு இரண்டு பிள்ளைகளும். வனத்துறை வண்டி வரும்வரை மூச்சு விடவில்லை. பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது ஒரு வீடியோ. எங்களுக்கு அது வீட்டுக்குப் போகும் பாதை.

ஆனைமலை ஜீப்:

அக்கா சொன்னது நடந்திருக்கும், மறுக்கவில்லை. இரவில் லைட் அடித்துக் காட்டுவது சட்டப்படியே தப்பு. ஆனால் எல்லா ஜீப்காரனையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். டீசல், வண்டித் தவணை, பெர்மிட் எல்லாம் இருக்கிறது எங்களுக்கு. ஏறும்போதே "யானை காட்டுவீங்களா, சிறுத்தை காட்டுவீங்களா" என்றுதான் கேட்கிறார்கள். காட்டாவிட்டால் இறங்கும்போது பேசிய காசில் பிடித்துக்கொள்கிறார்கள். மலைக்காற்று சொன்ன வழிகாட்டிக்கு நடந்தது எங்களுக்கு வாராவாரம் நடக்கிறது.

என் சம்பவம் வேறு மாதிரி. ஜூன் மாதம், மழை பிடிக்கிற சமயம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம், கூடவே பாட்டி. அவருக்குப் பார்வை ரொம்ப மங்கல். விடிகாலையில் ஓர் ஓடைப் பாலம் தாண்டும்போது பேரப்பிள்ளைகள் யானை எங்கே, யானை எங்கே என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு, "தம்பி, வண்டிய அணைங்க. யாரோ விசில் அடிக்கிறாங்க" என்றார். சீகாரப் பூங்குருவி. விடியலில் ஓடைக் கரையில் மனுஷன் விசில் அடிப்பது போலவே இழுத்து இழுத்துப் பாடும். தினமும் கேட்டு எங்களுக்குக் காது மரத்துப் போன சத்தம். பாட்டி பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்துவிட்டு, அது பாடி முடிக்கும்வரை கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அப்புறம் பெயரைக் கேட்டுத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு யானையும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மகன் காசைக் குறைக்கப் பார்த்தார். பாட்டி விடவில்லை.

சேத்துமடை:

பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் வண்டியில் போக நம் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழிதான். உள்ளே நடக்க வேண்டுமானால் உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டி கூட வருவார். எங்களோடு வந்தவர் வயதான காடர். நிறையப் பேசமாட்டார். ஆங்கிலேயர் காலத்தில் டாப்ஸ்லிப்பில் தேக்கை மறுபடி வளர்த்த ஹியூகோ வுட் 1933இல் இறந்தார், கல்லறை அங்கேயே இருக்கிறது. அவர் பேச்சு வந்தபோது மட்டும் "விதை போட்டது தொரை, குழி வெட்டுனது எங்காளுங்க" என்றார்.

மூங்கில் அடர்ந்த ஓர் இடத்தில் முன்னால் போனவர் சட்டென்று நின்றார். குனிந்து யானை லத்தியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் முறிந்த மூங்கிலைக் காட்டினார், முறிவில் ஈரம் காயவில்லை. ஒரு சத்தமும் இல்லை, ஓர் இலை அசையவில்லை. திரும்பு என்று சைகை. என் நண்பன் "கொஞ்சம் நின்னு பாக்கலாமே" என்று கிசுகிசுத்தான். பெரியவர் பதில் பேசாமல் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். வெகுதூரம் வந்த பிறகுதான் வாய் திறந்தார். "அது நம்மள முன்னாடியே பாத்துருச்சு. சத்தமில்லாம நிக்குதுன்னா, போங்கன்னு நேரம் குடுக்குதுன்னு அர்த்தம்."

மலைக்காற்று, உங்கள் கதையில் எனக்கு ஒன்று இடிக்கிறது. லென்ஸ்காரர் ஒருவர்மேல் பழியைப் போட்டுவிட்டீர்கள். கூடு கட்டும் காலத்தில் கூட்டுக்கே ஆட்களைக் கூட்டிப்போவது சரியா? தூரத்தில் நின்றாலும் கூட்டம் கூட்டம்தான். அத்திமரம் எங்கே பழுத்திருக்கிறது என்று கேட்டு அங்கே போய் நில்லுங்கள். இருவாச்சி தானாக வரும், பச்சைப்புறா வரும், மலை அணில் வரும். யார் குடும்பத்துக்கும் இடைஞ்சல் இல்லை. வழிகாட்டிகளும் கூட்டைக் காட்டுவதை விட்டுவிட்டு இதற்கு மாறலாம்.

மழைக்காட்டு நடை:

என்னுடையது சின்னக்கல்லாறு. ஆகஸ்ட் மழையில் வழிகாட்டி எங்களை ஆற்றோரப் பாறைக்குப் பின்னால் உட்காரவைத்தார். நீர்நாய்க் குடும்பம் ஒன்று வந்தது. ஒன்று மீனைப் பிடித்துப் பாறைமேல் வைத்துத் தலையிலிருந்து மென்று தின்றது, எலும்பு நொறுங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவ்வளவு பக்கம்.

புதிதாகப் போகிறவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் அட்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வால்பாறைச் சோலைக்குள் கால் வைத்தால் அட்டை ஏறாமல் இருக்காது. பயப்படாதீர்கள். முழங்கால்வரை வரும் அட்டை உறை கிடைக்கிறது, நெருக்கமாக நெய்த துணி, பேண்ட்டை அதற்குள் விட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், தீக்குச்சி வைக்காதீர்கள், உப்பையும் நேராகக் கடிவாயில் கொட்டாதீர்கள். குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெல்லிய முனை இருக்கிறதே, அதுதான் வாய். அதற்கடியில் நகத்தைத் தள்ளினால் பிடியை விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது செலுத்தியிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் வழியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியை அழுத்திப் பிடித்தால் போதும். மறுநாள் அரிக்கும், சொறியாதீர்கள்.

இன்னொன்று, உடை. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு வேண்டாம். செண்ட் வேண்டாம். போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் நேராகக் காட்டுக்குள் போகாதீர்கள், தலைசுற்றலோடு நடந்தால் ஒன்றும் கண்ணில் படாது. அன்று இரவு தங்கி விடிகாலையில் கிளம்புங்கள். குழந்தைகள் இருந்தால் வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் பாதையை மாற்றிக்கொள்வார். தொலைநோக்கி ஆளுக்கொன்று இல்லாவிட்டாலும் இருவருக்கு ஒன்று அவசியம்.

கூடலூர் கேமரா:

படம் எடுக்கிறவர்கள் எல்லோரையும் ஒரு கூடையில் போடுகிறீர்கள். ஒரு நல்ல வழிகாட்டியிடம் நாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்பதையும் கேளுங்கள். இந்தப் பக்கம் இல்லை, கேரளத்துத் தட்டேக்காடு. சாலிம் அலி பெயரில் 1983இல் அமைந்த பறவைச் சரணாலயம். தவளைவாயன் என்ற பறவையைப் பார்க்கத்தான் பாதிப் பேர் அங்கே வருகிறார்கள். பகலில் சோடியாகத் தாழ்ந்த கிளையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும், சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வழிகாட்டி விரலால் காட்டிய பிறகும் எனக்குப் பிடிபடவில்லை. ஆண் கண்ணைக் கீற்றாகத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

"கண்ணைத் திறந்துட்டுதுன்னா நம்ம நேரம் முடிஞ்சுது" என்றார் அவர். ஆளுக்கு ஒரு படம், ஃப்ளாஷ் கிடையாது, கிளம்பினோம். யாரும் முணுமுணுக்கவில்லை. போகும் முன்பே விதியைச் சொல்லிவிட்டார், அதுதான் காரணம். போனில் குரலை ஓடவிட்டுப் பறவையை வரவழைக்கிற வழிகாட்டிகளையும் பார்த்திருக்கிறேன். தன் எல்லைக்குள் வேறொன்று நுழைந்துவிட்டது என்று நினைத்து அது தீனியை விட்டுவிட்டுத் தேடி அலையும். அதைச் செய்கிறவர் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் நான் மறுபடி போகமாட்டேன். சேத்துமடை சொன்ன அத்திமர யோசனை எனக்குச் சம்மதம்.

மளுக்கப்பாறை வழி:

கூடு பற்றிய பேச்சுக்காக ஒன்று. வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக இறங்கினால் வாழச்சால் காடு. அங்கே காடர்கள் ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சை உணவுக்காக எடுத்தவர்கள், இப்போது அவர்களே ஆண்டுதோறும் கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் கூட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். சிரித்துவிட்டு மறுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி விதையை எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். குஞ்சு பறந்து போன கூட்டுக்கு அடியில் பொறுக்கியவை. காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் என்று விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிச் சொன்னார். எந்த மரம் எந்தச் சரிவில் இருக்கிறது, பறவை எவ்வளவு தூரம் போய் வந்திருக்கும் என்பதுவரை. அதைவிட நல்ல 'டூர்' எனக்குக் கிடைத்ததில்லை.

பொள்ளாச்சி வாசகி:

ஆனைமலை ஜீப் தம்பிக்கு ஒரு கேள்வி. கேட்கிறார்கள், அதனால் காட்டுகிறோம் என்கிறீர்கள். எங்கள் வண்டியில் யாரும் எதையும் கேட்கவில்லை.

வால்பாறைப் பக்கம் புதுத்தோட்டம். சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மரத்திலேயே வாழும் சாதி. அங்கே காடு துண்டாகிப் போனதால் சாலைக்கு இறங்கிப் பழகிவிட்டது. எங்களைக் கூட்டிப்போனவர் வண்டியை வளைவில் நிறுத்தி, தானே சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து நடுச்சாலையில் போட்டார். "இப்பப் பாருங்க, கிட்ட வரும், போட்டோ எடுங்க" என்றார். வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய் வந்து பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. வளைவில் அரசு பஸ் வந்துவிட்டது. ஹாரன் அடித்தும் அது நகரவில்லை, பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. பஸ் பிரேக் போட்டு, வழுக்கி, இரண்டடி தள்ளி நின்றது. பஸ் ஓட்டுநர் இறங்கி வந்து பாக்கெட்டைப் பொறுக்கினார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், காவலுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். கீழே தீனி கிடந்தால் அது ஏன் மேலே போகப்போகிறது? வனத்துறை அலுவலகத்தில் வண்டி எண்ணோடு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மலை இறங்கினோம்.

ஆனைமலை ஜீப்:

எண்ணைக் கொடுத்தது நல்லது அக்கா. அந்த ஆளுக்காக நான் பேச வரவில்லை. தீனி போடுகிற வண்டிக்கு ஸ்டாண்டில் முறை கிடையாது என்று வைக்கச் சொல்லி எங்கள் ஆட்களிடம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறேன், பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். நீங்கள் எழுதியதை இன்று சாயங்காலம் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்.