ரெண்டாவது தடவை யாராவது வந்தார்களா?

அத்தைக்காரி:

2021 மே மாதம், பன்னிரண்டு நாள் இடைவெளியில் என் அண்ணனும் அண்ணியும் கொரோனாவில் போய்விட்டார்கள். அவர்கள் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. காரியமெல்லாம் முடிந்து வீடு கொஞ்சம் அடங்கின நேரத்தில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு மேடமும் ஒரு தம்பியும் வந்தார்கள். காபி போட எழுந்தேன். "அதெல்லாம் வேண்டாங்க, பாப்பா எங்க படுக்கும்?" என்று கேட்டார் மேடம். காட்டினேன். மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார், ஜன்னல் கொக்கியைப் போட்டுப் பார்த்தார். அப்புறம் என்னை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு அவளோடு தனியாகப் பேசினார்.

ஒட்டுக் கேட்கக் கூடாதுதான். ஆனால் காதில் விழுந்தது. "அத்தை அடிப்பாங்களா? மாமா சத்தம் போடுவாரா?" எனக்குச் சுருக்கென்றது. என் அண்ணன் பிள்ளையை நான் அடிப்பேனா? பாப்பா சொன்ன பதில்: "தலை வாரும்போது இழுப்பாங்க." அதையும் எழுதிக்கொண்டு போனார்.

தமிழக அரசு அறிவித்தபடி அவள் பெயரில் 5 லட்சம் வைப்புத் தொகை போட்டார்கள். உறவினர் வீட்டில் வளர்கிற பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 3,000 என்றார்கள், அதுவும் வந்தது. அந்த மேடம் வேறு ஊருக்கு மாறிப் போனார். அதோடு சரி, இன்றுவரை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஐந்து மாதமாகப் பணமும் நின்றுவிட்டது. மூன்று தடவை அலைந்தேன், "ஃபைல் மேல போயிருக்கும்மா" என்கிறார்கள்.

அன்றைக்குச் சந்தேகப்பட்டதில் எனக்கு இப்போது வருத்தமில்லை. எத்தனை வீட்டில் சொந்தக்காரர்களே பணத்தை வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பாத்திரம் தேய்க்க விட்டிருப்பார்கள்! ஆனால் ஜன்னல் கொக்கி வரைக்கும் பார்த்தவர்கள் அப்புறம் வரவே இல்லையே, அதுதான் உறுத்துகிறது. உங்கள் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ இப்படி யாராவது வந்திருக்கிறார்களா? ரெண்டாவது தடவை வந்தார்களா?

பத்தாம் வகுப்பு டீச்சர்:

நான் அவர்களை வரவழைத்தவள். பொங்கல் லீவு முடிந்தும் ஒரு பெண் ஒன்பது நாளாக வகுப்புக்கு வரவில்லை. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை மெதுவாகச் சொன்னது: "மிஸ், அவளுக்குப் பூ வெச்சுட்டாங்க." வயது பதினைந்து. மதியம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய் நின்று குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தேன்.

மறுநாளே வந்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். 2006-ஆம் வருடத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்கு நம் மாநிலத்தில் மாவட்ட சமூகநல அலுவலர்தான் அதிகாரி. அவரோடு வி.ஏ.ஓ., மகளிர் போலீஸ், பாதுகாப்பு அலகு ஆட்கள். பதினெட்டு முடிகிற வரைக்கும் கல்யாணம் செய்ய மாட்டோம் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். பெண்ணைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, மூன்று வாரம் வரவேற்பு இல்லத்தில், அதாவது பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தங்க வைக்கிற இல்லத்தில், வைத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஜெயில்ல இருந்த மாதிரி இருந்துச்சு மிஸ்." கல்யாணம் பேசினவர்கள் எல்லாம் அவரவர் வீட்டில் இருக்க, அவள் மட்டும்தான் வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. இதற்கு இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

தகவல் சொன்னவர் பெயரை வெளியே விடக் கூடாது. வந்தவர்களில் ஒருவர் டீக்கடையில் இறங்கி, "அந்த டீச்சர் வீடு எதுங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்த வாரம் என் ஸ்கூட்டி சீட்டை பிளேடு போட்டுக் கிழித்திருந்தார்கள்.

ரெண்டாவது தடவையா? ஆறு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. "கல்யாணம் எதுவும் ஆகலையே மிஸ்? சரி." அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள். பெண் பத்தாவது பாஸ் செய்தாள். பதினெட்டு முடிந்து ரெண்டு மாதத்தில் பத்திரிகை வைக்க அவளே வந்தாள். போனேன், சாப்பிட்டேன், மொய் எழுதிவிட்டு வந்தேன்.

இன்னொன்று. 1996-ல் மும்பையில் ஆரம்பித்த நாளிலிருந்து 1098-க்குக் களத்தில் தொண்டு நிறுவன ஆட்கள்தான் போய்க்கொண்டிருந்தார்கள். 2023-ல் அரசே எடுத்துக்கொண்டு அவசர உதவி எண் 112-உடன் இணைத்தது. நான் ரெண்டு காலத்திலும் கூப்பிட்டிருக்கிறேன். முன்னால் பைக்கில் ஒரு பையன் வருவான், அதிகாரம் ஒன்றும் கிடையாது, ஆனால் நாலு தடவை வருவான். இப்போது ஜீப் வருகிறது.

பழைய வார்டன்:

நான் எதிர்ப்பக்கத்து ஆள். தனியார் ஆண்கள் இல்லம் ஒன்றில் பதினோரு வருடம் வேலை. பையன்களுக்கு நான் 'ஹோம் சார்'.

2015 இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரியில் அமலுக்கு வந்ததும் எல்லா இல்லமும் பதிவு செய்தாக வேண்டும் என்று நெருக்கினார்கள். பதிவில்லாமல் நடத்தினால் ஒரு வருடம் வரை ஜெயில், இல்லையென்றால் ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், ரெண்டும் சேர்ந்தும் போடலாம். சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வுக் குழு வர வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண், ஒரு டாக்டர் கட்டாயம்.

எங்களுக்கு முந்தின நாள் சாயங்காலமே தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதீர்கள். பீரோவிலிருந்து நீலப் போர்வை எல்லாம் வெளியே வரும், ஹாலே அந்துருண்டை வாசனை அடிக்கும். அந்த வாசனை வந்ததும் சின்னப் பையன்கள் குதிப்பார்கள்: "நாளைக்கு முட்டை!" மெனு பலகையில் வாரம் மூன்று நாள் முட்டை. தட்டில் ஆய்வு அன்றைக்கு மட்டும். வருகிறவர்கள் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு, ஸ்டாக் ரிஜிஸ்டர், தீயணைப்புச் சான்று எல்லாம் புரட்டிவிட்டு, பையன்களை வரிசையில் நிற்க வைத்து "நல்லா இருக்கீங்களா?" என்பார்கள். "நல்லா இருக்கோம் சார்!" முடிந்தது.

ஒரு தடவை ஒரு டாக்டரம்மா வந்தார். ரிஜிஸ்டர் பக்கமே போகவில்லை. பையன்களின் கையை வாங்கி விரல் இடுக்கில் சிரங்கு இருக்கிறதா என்று ஒவ்வொருத்தனாகப் பார்த்தார். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த புகார்ப் பெட்டியின் பூட்டைத் தொட்டார். விரலில் துரு ஒட்டியது. "சாவி யார்கிட்ட?" கால் மணி நேரம் தேடினோம், கிடைக்கவில்லை. சுத்தியல் கொண்டு வரச் சொல்லி உடைத்தார். உள்ளே பல்லி முட்டை, மூன்று சீட்டு. ஒன்றில் 'முட்டை கேட்டா நாளைக்குன்னு சொல்றாங்க.' இன்னொன்றில் வெறும் கிறுக்கல். மூன்றாவதில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். அந்த வாரமே ஓர் ஊழியர் மேல் போக்சோ வழக்குப் பதிவானது. சீட்டில் தேதி இல்லை, எத்தனை மாதம் உள்ளே கிடந்ததோ. அந்தப் பெட்டிக்கு நேர் கீழேதான் நான் எட்டு வருடமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த டாக்டரம்மா ரெண்டாவது தடவையும் வந்தார். மறுமாதம், சொல்லாமல், ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில். நான் பார்த்ததில் அப்படி வந்தவர் அவர் ஒருவர்தான்.

தத்து அப்பா:

எங்கள் கதை கொஞ்சம் வேறு மாதிரி. 2019 தொடக்கத்தில் மத்திய தத்து ஆணையமான காராவின் தளத்தில் பதிவு செய்தோம். வீட்டு ஆய்வுக்கு சமூகப் பணியாளர் வருகிறார் என்றதும் என் அம்மா பெண் பார்க்க வருகிற மாதிரி கேசரியும் பஜ்ஜியும் போட்டுவிட்டார். அப்பா வெள்ளை வேட்டி. வந்தவர் சின்னப் பெண். சம்பள ரசீது, மருத்துவச் சான்று எல்லாம் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா யார் முதல்ல பேசுவீங்க?" ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றோம். அதற்கே ஒரு சண்டை வந்திருக்கும்.

காத்திருந்த காலத்தில் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார்: "எதுக்குப்பா இந்தத் தலைவலி, ஆஸ்பத்திரியில ஆள் இருக்கு, சர்டிபிகேட்டோடவே வாங்கிடலாம்." சபலம் தட்டவில்லை என்று சொன்னால் பொய். அந்த ஏப்ரலில்தான் ராசிபுரம் குழந்தை விற்பனை ஆடியோ வெளியே வந்தது. குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருடம் வரை கடுங்காவல். சொந்தக்காரர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்றரை வருடம் கழித்து ஒரு போட்டோவும் மருத்துவ அறிக்கையும் வந்தன. 48 மணி நேரத்துக்குள் சரி சொல்ல வேண்டும். நாங்கள் நாலு நிமிடத்தில் சொன்னோம். பெற்ற அம்மாவே ஒப்படைத்த குழந்தை. மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு ரெண்டு மாத அவகாசம் உண்டு, அது கழிந்த பிறகுதான் குழந்தைகள் நலக் குழு தத்துக்குக் கொடுக்கலாம் என்று அறிவிக்கும். எங்கேயோ ஒருத்தி அந்த அறுபது நாளையும் எப்படிக் கழித்திருப்பாள் என்று இப்போதும் சில ராத்திரி நினைத்துக்கொள்வேன்.

முன்பு தத்து உத்தரவு கோர்ட்டில்தான். 2022 செப்டம்பர் 1 முதல் கலெக்டரே கொடுக்கலாம் என்று மாறிவிட்டதால் எங்களுக்கு வாய்தா அலைச்சல் இல்லை. அதற்கப்புறம் ரெண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே பெண் வந்து பார்த்தார். ஆக முதல் வீட்டு ஆய்வோடு சேர்த்து எங்கள் வீட்டுக்கு ஐந்து தடவை. ரெண்டு சம்பளம், சொந்த வீடு, தாத்தா பாட்டி. அத்தைக்காரி அக்கா வீட்டுக்கு ஒரே ஒரு தடவை. எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

முன்னாள் குழு உறுப்பினர்:

மூன்று வருடம் குழந்தைகள் நலக் குழுவில் இருந்தேன். தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். மாதம் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. கேட்கப் பெரிதாக இருக்கும். நாங்கள் உத்தரவு போடலாம், அதைச் செய்து முடிப்பது பாதுகாப்பு அலகு. உறவினர் வீட்டில், பெற்றோர் வீட்டில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்க மாவட்டம் முழுவதற்கும் பாதுகாப்பு அலுவலர் ஒருவர். பெரும்பாலும் ஒப்பந்தச் சம்பளம். நியாயம் பேசுவதாக நினைக்க வேண்டாம், கணக்கைச் சொல்கிறேன்.

கஜா புயலுக்கு அடுத்த வருடம் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் எங்கள் முன் நிறுத்த வேண்டும் என்பதால் நேரங்கெட்ட நேரத்தில்தான் வருவார்கள். பதினொரு வயது இருக்கும். கிடை ஆடு மேய்க்க அப்பா 15,000 முன்பணம் வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறார், ரெண்டு வருடமாகிறது. நாற்காலியில் உட்காரச் சொன்னோம், அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். பிஸ்கட்டைப் பாதி தின்றுவிட்டு மீதியை டவுசர் பையில் வைத்தான். "வீட்டுக்கு அனுப்பினா அவங்க திரும்ப வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டான்.

அம்மா வாசலில் அழுதுகொண்டிருக்கிறாள். இல்லத்துக்கு அனுப்பவும் மனசில்லை. கோட்டாட்சியரிடம் கொத்தடிமை விடுவிப்புச் சான்று, நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 2,000 (அப்போது அவ்வளவுதான், 2022-க்கு அப்புறம் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 4,000 ஆக்கினார்கள்), பக்கத்துப் பள்ளியில் சேர்க்கை என்று எழுதி அம்மாவோடு அனுப்பினோம். 'மூன்று மாதத்தில் தொடர் கண்காணிப்பு அறிக்கை' என்று உத்தரவில் என் கையாலேயே எழுதினேன். அறிக்கையும் வந்தது. பையன் பள்ளிக்குச் செல்கிறான்.

ஒன்பது மாதம் கழித்து வேறு மாவட்டத்துக் குழுவிலிருந்து போன். அதே பையன், வேறு ஆட்டுக்காரர். விசாரித்தால், அறிக்கை எழுதியவர் ஊருக்கே போகவில்லை. ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டிருக்கிறார், அவர் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். டீச்சரம்மா சொன்ன அந்தப் போன் மாதிரிதான். 2,000-ம் ஒரு மாதம்கூடக் கணக்கில் ஏறவில்லை, வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பு.

அம்மா அத்தைக்காரி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆபீஸ் வாசலில் வாய்வார்த்தையாகக் கேட்பதை விடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். ஒரு நகலைக் குழந்தைகள் நலக் குழுத் தலைவருக்கும் போடுங்கள். பணம் நின்ற மாதத்தைத் தேதியோடு எழுதுங்கள். மனு ரசீது எண் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். அப்படியே, 2021-க்கு அப்புறம் யாரும் வீட்டுக்கு வரவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பணத்தைப் பற்றி மட்டும் எழுதினால் பணத்துக்கு மட்டும்தான் பதில் வரும்.

அத்தைக்காரி:

எழுதிவிட்டேன் ஐயா. பாப்பாதான் உட்கார்ந்து எழுதினாள், என் கையெழுத்து யாருக்கும் புரியாது. நீங்கள் சொன்ன அந்த வரியையும் சேர்த்தாயிற்று. "அவங்க திரும்ப வந்தா நீங்க இன்னமும் தலை இழுக்கிறீங்கன்னு சொல்லுவேன்" என்று மிரட்டிக்கொண்டிருக்கிறாள். இறப்புச் சான்று ரெண்டு, பாஸ்புக் ஜெராக்ஸ், பள்ளிச் சான்று, 2021 உத்தரவு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது வேண்டுமா?

பழைய வார்டன்:

ஆதார் ரெண்டு பேருடையதும். அசல் கேட்டால் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.